குடும்ப வரலாறு தேட உதவும் நூல்களும் பதிவேடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் புத்தகத்தைத் திறந்தால் எங்கள் குடும்பத்தின் பெயர் இருக்கும்?

பெரும்பாலும் எதிலும் இருக்காது. ஜமீன், பாளையப்பட்டு, மடம், பெரிய வணிகக் குடும்பம், அரசு உத்தியோகம் என்று ஏதாவது ஒரு தொடர்பு இருந்தவர்களின் பெயர்தான் அந்தக் காலத்தில் அச்சில் ஏறியது. மற்றவர்களின் பெயர் கையெழுத்துப் பதிவேடுகளில் கிடக்கிறது: பத்திரம், பட்டா, திருமுழுக்குப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கப்பல் பட்டியல். அச்சு நூல்களின் பயன் வேறு. எந்தப் பதிவேட்டை, எந்த ஊரில், எந்த ஆண்டுக்குத் தேடுவது என்பதை அவை காட்டும். தாத்தாவின் தாத்தா ஏன் ஊரை விட்டுப் போனார் என்பதற்கான காரணத்தையும் பல நேரங்களில் அவற்றில்தான் பிடிக்க முடியும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பரணிலிருந்து. பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் கட்டு, கிரயப் பத்திரம், மொய் நோட்டு, படங்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். யார் யார் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியல் அது; உறவு வட்டத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் வீட்டில் வேறு இருக்காது.

அடுத்தது மலர்கள். மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்க ஆண்டு மலர் ஆகியவை கடைகளில் விற்கப்பட்டவை அல்ல. சில நூறு பிரதிகள் அச்சிட்டு உறவினருக்குள் கொடுத்தவை. சாதாரணக் குடும்பங்களின் பெயர்கள் அச்சில் இருப்பது பெரும்பாலும் இவற்றில்தான். யாழ்ப்பாணத்தில், இறந்தவரின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் சிறு நூலைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். அதில் வம்சாவளி, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர் என்று வரிசையாக இருக்கும். நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களைப் பெருமளவில் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது.

தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை வெளுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. மங்கிய எழுத்தைப் படமெடுக்க ஃபிளாஷை அணைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து எடுங்கள்.

பெரியவர்களுக்கு ஆண்டு நினைவில்லை. எப்படிக் கேட்பது?

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தவறாக இருக்கும். ஊரே அறிந்த நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, "அதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். தாது வருஷப் பஞ்சம் (1876-78), சென்னையில் எம்டன் குண்டு போட்டது (செப்டம்பர் 1914), 1918 விஷக்காய்ச்சல், 1924 ஆடி வெள்ளம், மேட்டூர் அணை திறந்தது (1934), ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணம் காலியானது (1942), தனுஷ்கோடிப் புயல் (டிசம்பர் 1964). இவற்றோடு உங்கள் ஊருக்கே உரியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேர் எரிந்தது, ரயில் வந்தது, கண்மாய் உடைந்தது. "அப்போ எனக்குக் கைக்குழந்தை" என்ற ஒரு வரி கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம்.

ஒரே ஆளிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். ஒரே செய்தியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொன்னதே வரலாறாகிவிடும்.

"விகாரி வருஷம் தை மாதம்" என்று எழுதியிருக்கிறது. ஆங்கில ஆண்டு எது?

பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுழற்சி. அண்மைச் சுற்று 1987 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முந்தையவை 1927, 1867, 1807. விகாரி 33ஆவது ஆண்டு. ஆகவே 2019-20, 1959-60, 1899-1900 மூன்றும் விகாரிதான். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்டு சித்திரையில் பிறக்கிறது; தை, மாசி, பங்குனி வருவதோ ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டில். விகாரி தை என்றால் 1900 ஜனவரி, 1899 அல்ல. எந்தச் சுற்று என்பதை முத்திரைத்தாளில் உள்ள அரசரின் தலை, சாட்சிகளின் வயது, ரூபாய்த் தொகை ஆகியவற்றை வைத்து முடிவு செய்யலாம்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824உம், ஜனவரி முதல் ஆடி வரையானதற்கு 825உம் கூட்டுங்கள். நிலவரிக் கணக்குகளில் பசலி இருக்கும். அது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடுவது. ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு 590, ஜனவரி முதல் ஜூனுக்கு 591 கூட்ட வேண்டும். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கி 1891 ஜூனில் முடிகிறது.

ஜாதகம் இருந்தால் வேலை இன்னும் எளிது. கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் அதில் இருக்கும். மூன்றும் ஒரே நாளில் பொருந்துவது அடிக்கடி நடப்பதல்ல என்பதால், இணையப் பஞ்சாங்கத்தில் சரிபார்த்தாலே சுற்று உறுதியாகிவிடும். 1800க்கு முந்தைய தேதிகளுக்கு, 700 முதல் 1799 வரை கணக்கிட்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைத் தொகுதிகளை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பழைய பத்திரத்தின் எழுத்தே புரியவில்லையே?

பாதிச் சிக்கல் எண்களிலும் குறியீடுகளிலும்தான். ௧ முதல் ௯ வரை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ போலத் தோன்றும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௭ என்றால் 1897. ௭உம் ௮உம் கையெழுத்தில் ஒன்றுபோல் தெரியும். ஆண்டு இடிக்கும்போது முதலில் அங்கே பாருங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி.

ஓலையிலும் மிகப் பழைய தாள்களிலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இருக்காது. ரகரமும் கால்குறியும் ஒன்றாகவே தோன்றும். தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு (பெரும்பாலும் முதல் வரியில் வரும் ஊர்ப்பெயர்) அதே எழுத்துகள் வேறெங்கே வருகின்றன என்று தேடிப் படிப்பதுதான் வழி. அச்சு நூல்களைப் பொறுத்தவரை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ணை வடிவங்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி போதும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஒரு பின்னிணைப்பு. வருவாய்த்துறைச் சொற்களும் வட்டார வழக்குகளும் அதில் உண்டு. அளவுகளை மட்டும் எச்சரிக்கையாக எடுங்கள். செங்கல்பட்டுக் காணி 100 குழி, சுமார் 1.32 ஏக்கர், தஞ்சாவூர் வேலி 20 மா, சுமார் 6.6 ஏக்கர். குழியை அளக்கும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும்.

மாவட்டக் கையேடு, கெசட்டியர் என்கிறார்களே, அவற்றால் என்ன பயன்?

சென்னை மாகாண ஆட்சி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எழுதுவித்த ஆங்கில நூல்கள் இவை. முதல் வரிசை 19ஆம் நூற்றாண்டின் கையேடுகள்: மதுரைக்கு நெல்சன் (1868), திருச்சிக்கு மூர் (1878), திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் (1879), தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் (1883), கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் (1887). அடுத்தது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் கெசட்டியர்கள்: மதுரைக்குப் பிரான்சிஸ், தஞ்சாவூருக்கு ஹெமிங்வே (இரண்டும் 1906), திருநெல்வேலிக்குப் பேட் (1917).

கெசட்டியரை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் தாலுகா வாரியாக ஊர்க்குறிப்புகள் இருக்கும். அங்கே உங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் பாருங்கள். பிறகு பஞ்சம், வெள்ளம், தொற்றுநோய் பற்றிய பகுதி. கடைசியாக நிலவரி அத்தியாயம்: உங்கள் ஊர் ரயத்துவாரியா (பட்டாதாரர் நேராக அரசுக்கு வரி கட்டியது), ஜமீனா (ஜமீன்தாருக்குக் கட்டியது), இனாமா (வரிச்சலுகையோடு மானியமாக விட்டது) என்பது அதிலிருந்து தெரியவேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு ஆவணக் காப்பகம் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ரயத்துவாரி ஊரானால் நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த 19ஆம் நூற்றாண்டுச் செட்டில்மென்ட் பதிவேட்டிலேயே பட்டாதாரர் பெயர், சர்வே எண், தீர்வை எல்லாம் இருக்கும். இனாம் ஊருக்கு 1860களின் இனாம் பதிவேடு. அதில் இனாம்தாரரின் தலைமுறைகூடச் சில இடங்களில் வரும். ஜமீன் ஊராக இருந்தால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு செட்டில்மென்ட். அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியோடு போயிருக்கலாம்.

இணையத்தில் தேடும்போது வெள்ளைக்காரன் எழுதிய பெயரில் தேடுங்கள்: டாஞ்சூர், ட்ரிச்சினாபொலி, டின்னவெல்லி, டூட்டிகோரின், கஞ்ஜீவரம். எல்லையும் மாறியிருக்கிறது. ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதற்கு முன் அந்த ஊர்கள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்தன. கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகள் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரை (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியை) சேர்ந்தவை. பழைய பதிவுகளைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பு பதிவானதால் அந்தக் குடும்பங்களுக்கு வேலை எளிது.

இந்த நூல்கள் எங்கே கிடைக்கும்?

காப்புரிமைக் காலம் முடிந்தவை இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனமும். நேரில் போவதானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் (1896), மறைமலை அடிகள் நூலகம். சுவடிகளுக்குத் தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். அரசுப் பதிவுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். அங்கே போகும்போது மாவட்டம், தாலுகா, கிராமம், ஆண்டு நான்கையும் எழுதி எடுத்துப் போங்கள். "எங்கள் தாத்தாவைப் பற்றி" என்று கேட்டால் எந்தக் கட்டையும் எடுத்துத் தர முடியாது.

சாதி வரலாற்று நூல்களை நம்பலாமா?

பெயர்ப்பட்டியலுக்கும் ஊர்ப்பட்டியலுக்கும் நம்பலாம். தொடக்கக் கதைக்கு வேண்டாம். 1871 முதல் 1931 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சாதியை எண்ணினார்கள். 1901இல் தரவரிசை வேறு போட்டார்கள். தங்கள் வகுப்பை மேலே ஏற்றச் சொல்லி மனு எழுதியவர்கள், அதற்குச் சான்றாகப் புராணமும் வரலாறும் அச்சிட்டார்கள். அக்காலத்து நூல்கள் பலவற்றில் "நாங்கள் க்ஷத்திரியர்", "நாங்கள் வைசியர்" என்ற வாதம் முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே நூலின் பின்பக்கத்தில் நன்கொடையாளர் பட்டியல் இருந்தால் விடாதீர்கள். ஊரோடு, தகப்பன் பெயரோடு அச்சான பட்டியல் அது.

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றிய நூலும் இதே எச்சரிக்கைக்கு உரியது. சடங்கு, கிளைப்பெயர் போன்றவற்றுக்கு உதவும். மூக்கையும் மண்டையையும் அளந்து ஆளை வகைப்படுத்திய காலத்தின் நூல் என்பது நினைவிருக்கட்டும்.

கணக்கெடுப்புத் தாள்களில் தாத்தாவின் பெயரைப் பார்க்க முடியுமா?

முடியாது. வீடு வீடாக எழுதிய படிவங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. 1948 கணக்கெடுப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது. அச்சான அறிக்கைகளில் எண்ணிக்கை மட்டும்தான் உண்டு.

பத்திரங்களில் எதை முதலில் தேடவேண்டும்?

பாகப்பிரிவினைப் பத்திரத்தை. எல்லா வாரிசுகளும், வயதும், தொழிலும், இறந்துபோன சகோதரனின் பிள்ளைகளும் அதில் வந்தாக வேண்டும். இருந்தால் மூன்று தலைமுறை ஒரே தாளில். அது இல்லாவிட்டால் தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் முந்தைய மூலப் பத்திரம். அதன் "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" பத்தியில் முந்தைய உரிமையாளர் யார் என்று எழுதியிருக்கும்.

கையில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து பற்றியவை 1ஆம் புத்தகத்தில். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். 4ஆம் புத்தகத்திலுள்ள பலவகை ஆவணங்கள் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் மட்டுமே. ஆவண எண்ணும் ஆண்டும் தெரியாமல் தேடுவது கடினம். ஆகவே சர்வே எண்ணை முதலில் பிடியுங்கள், பிறகு வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுங்கள். இன்றைய எண் 1979-87 நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவாகி மாறியிருக்கலாம். "அ" பதிவேட்டில் (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) பழைய எண் பக்கத்திலேயே இருக்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி: பேரனுக்குத் தாத்தா பெயர். சுப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் சுப்பையா என்று மாறி மாறி வரும். 1885 பத்திரத்துச் சுப்பையாவையும் 1940 பத்திரத்துச் சுப்பையாவையும் ஒருவராக்கிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன் பெயரும் பத்திரத்தில் எழுதிய வயதும் சேர்த்துக் குறியுங்கள். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று போட்டுப் பாருங்கள். அப்பனுக்கும் மகனுக்கும் 60 ஆண்டு இடைவெளி வந்தால் நடுவில் யாரோ விடுபட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு நிலமே இருந்ததில்லை. பத்திரம் எப்படி இருக்கும்?

இருக்காது. வழி வேறு. கிறித்தவக் குடும்பமானால் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் உறவினர். தரங்கம்பாடி மிஷன் 1706இலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு). நகரத்தார் வீடுகளில் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானமும், ஒன்பது கோயில்களின் புள்ளிக் கணக்கும் (திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி). பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எல்லோருக்கும் பொது. ஆனால் அதிலுள்ள பிறந்த தேதி பெரும்பாலும் வாத்தியார் போட்டது. ஒரே வகுப்பில் பாதிப்பேர் ஜூனில் பிறந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழக ஆண்டுக் கையேடுகளின் பட்டதாரிப் பட்டியலையும், செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழின் நியமன, இடமாற்ற அறிவிப்புகளையும் பாருங்கள்.

பூர்வீக ஊர் எதுவென்றே தெரியவில்லை.

குலதெய்வம் எங்கே? பிழைக்கப் போன இடத்தில் வீடு மாறும், தொழில் மாறும். முடியிறக்கவும் காதுகுத்தவும் போகிற கோயில் அவ்வளவு எளிதில் மாறாது. கோயில் வரிக்கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள், தலைக்கட்டுவாரியாகப் பெயர்கள் இருக்கும். கோயில் இருக்கும் ஊர்தான் பூர்வீகம் என்று மட்டும் உடனே எழுதிவிடாதீர்கள். மூலக்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புதிதாக அமைத்த கோயிலாகவும் இருக்கலாம். மூலக்கோயில் எது என்று பூசாரியிடம் கேளுங்கள்.

கடல் கடந்து போனவர்களைத் தேட முடியுமா?

எங்கே, எந்த முறையில் போனார்கள் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குப் பதிவு நன்றாக இருக்கிறது. நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரையான கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம் எல்லாம் உண்டு. மொரீசியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், பலருடைய புகைப்படங்களோடு இருக்கின்றன. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல் 1916 வரை.

எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மாவட்டமும் தாலுகாவும் தெரிந்தால், மாகாண அரசு அச்சிட்ட கிராமங்களின் அகரவரிசைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் திரட்டியவர்) வழியாகப் போனவர்களுக்கு இப்படித் தனித்தனிப் பதிவு குறைவு. இலங்கையிலிருந்து 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தப்படி திரும்பிய குடும்பங்களிடம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அவற்றிலிருந்து தோட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகவேண்டும்.

அம்மா வழியைத் தேடினால் இரண்டு தலைமுறையில் நின்றுவிடுகிறதே?

பதிவேடுகள் ஆண்கள் பெயரில் ஓடுவதால்தான். பெண்ணின் பெயர் வரும் இடங்கள் சில உண்டு: சீதனப் பத்திரம், ஜீவனாம்ச வழக்கு, கணவன் இறந்தபின் பட்டா மாற்றம், கோயில் விளக்குக் கட்டளைக் கல்வெட்டு, கல்யாணப் பத்திரிகையின் தாய்மாமன் வரி. தாய்மாமன் பெயர் கிடைத்தால் அவருடைய ஊரில், அவருடைய தகப்பன் பெயரில் தேடுங்கள். அது பெண்ணின் பிறந்த வீடு.

வம்சப் படத்தை எப்படி எண்ணிட்டு எழுதுவது?

முன்னோரை நோக்கிப் போவதானால் உங்களுக்கு 1. எந்த ஆளின் எண்ணையும் இரட்டித்தால் தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். 5 என்பது அப்பாவின் அம்மா, 10 அவருடைய தகப்பன். ஒரு மூதாதையிலிருந்து கீழே வருவதானால் 1, 1.1, 1.2, 1.2.1 என்று பிறந்த வரிசையில் போடுங்கள்.

அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். மேல்நோக்கிய முறையில் அவருக்கு இரண்டு எண் விழும். சிறிய எண்ணில் முழு விவரமும், பெரிய எண்ணில் "பார்க்க: 10" என்றும் எழுதுங்கள். கணினியில் அவரை இரண்டு பேராகப் பதிந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஒரே பதிவாக வைத்து இரண்டு உறவுகளையும் அதோடு இணையுங்கள்.

எல்லாவற்றையும் நூலாக அச்சிட விரும்பினால்?

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது பத்திரமா, பதிவேடா, வாய்மொழியா என்று குறிப்பிடுங்கள். வாய்மொழியானால் சொன்னவரின் உறவுமுறையும் கேட்ட ஆண்டும் வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண்ணை அச்சிடாதீர்கள். தத்து, இரண்டாம் தாரம் போன்றவற்றை எழுதுமுன் அந்தக் கிளையினரிடம் கேட்டுவிடுங்கள். புத்தகம் வந்த பிறகு வரும் சண்டை இவற்றால்தான் வருகிறது.

யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் செய்தால் பத்து ஆண்டு கழித்துத் திருத்திய பதிப்புக்குக் கோப்பைத் திறக்கவே முடியாது. பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக இருந்தால் அச்சகத்தில் தாள் வீணாகாது. கடைசி எட்டுப் பக்கத்தைப் பெயரகராதிக்கு ஒதுக்குங்கள். உறவினர் முதலில் புரட்டுவது அதைத்தான். உறவுக்குள் கொடுத்ததுபோக ஒரு பிரதியைக் கன்னிமாராவுக்கும் ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்துக்கும், ஊர் நூலகம் இருந்தால் அங்கும் கொடுத்துவிடுங்கள்.